விதி எழுதாத குழுவில் சாதிதான் விதி

(நாடகக் குழு தொடங்க விரும்பும் மாணவர்களிடையே கொல்லிமலை செம்மேட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் தலை இன்னும் சுற்றுகிறது. நீங்கள் வாராவாரம் இறங்கி ஏறுகிறீர்கள். நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று கீழே படிக்கப் போய், சனி ஞாயிறுக்கு மலைக்கு வந்து, அந்த இரண்டு நாளில் ஒரு நாடகக் குழு தொடங்கலாம் என்று நினைக்கிறீர்களே, அதற்கே ஒரு கைதட்டு.

"நடிப்புப் பயிற்சி கொடுங்க அக்கா" என்றுதான் கூப்பிட்டீர்கள். அது சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்கு முன் கொஞ்சம் சலிப்பான ஒன்றைப் பேசப் போகிறேன். குழுவை எப்படி நடத்துவது? முடிவை யார் எடுப்பது? பணம் யார் கையில் இருப்பது? டீ யார் வாங்கி வருவது? ஒத்திகை எத்தனை மணிக்கு முடிவது? நாடகக் குழுக்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆனால் இந்தக் கேள்விகள் ஆய்வில் வந்தவை அல்ல, என் கல்லூரி நாட்களில் பட்டவை.

நான் ராசிபுரம் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவள். கல்லூரியில் ஒரு நாடகக் குழு இருந்தது. எல்லோரும் முற்போக்கு. சுவரில் அம்பேத்கர், பெரியார் படம். சாதிக்கு எதிராக மூன்று வருடத்தில் ஐந்து நாடகம் போட்டோம். ஐந்திலும் நான் அழுதேன். மகனைப் பறிகொடுத்த தாய், கணவனைப் பறிகொடுத்த மனைவி, தீ வைத்த குடிசை முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவி. "உனக்குத்தான் அது இயல்பா வருது" என்றார்கள். பாராட்டு என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் என்னோடு சேர்ந்தான். ஐந்து நாடகத்திலும் அவன்தான் பறை. ஒருநாள் கூட்டத்தில் கேட்டான், "அடுத்த நாடகத்தை நான் டைரக்ட் பண்ணட்டுமா?" ஒரு நொடி அமைதி. பிறகு எங்கள் இயக்குநர் அண்ணன் அவன் தோளில் கை போட்டுச் சொன்னார், "நீ அடிச்சாதான்டா பறை பேசுது. அதை விட்டுட்டுப் போயிடாத." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் வரவில்லை.

அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. சாதி பார்த்துப் பேசியதாக அவருக்கே தெரிந்திருக்காது. யார் இயக்குவது என்பதற்கு எங்கள் குழுவில் விதி எதுவும் இல்லை. "நாமெல்லாம் நண்பர்கள், நமக்குள்ள எதுக்கு ரூல்ஸ்?" என்பதுதான் எங்கள் பெருமை. விதி இல்லாத அந்த இடத்தில் ஊரில் ஏற்கெனவே இருக்கிற விதி வந்து உட்கார்ந்துகொண்டது. பறை அடிக்கிறவன் பறை அடிப்பான். அழுகிறவள் அழுவாள். இங்கிலீஷ் பேசுகிறவர் இயக்குவார். பைக் வைத்திருக்கிறவர் முடிவெடுப்பார். ஹாஸ்டலில் இருக்கிறவன் மேடையைக் கூட்டுவான்.

இது நம் ஊர் நோய் மட்டும் அல்ல. அமெரிக்கப் பெண்ணியர் ஜோ ஃப்ரீமன் 1970-ல் பேசி, பிறகு கட்டுரையாக வந்த ஒரு உரை உண்டு. அமைப்பின்மையின் கொடுங்கோன்மை என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அவர் சொல்வதன் சாரம் இது: அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. வெளிப்படையான அமைப்பு இல்லையென்றால் மறைவான அமைப்பு இருக்கும். யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு நட்பு வட்டம் எல்லாவற்றையும் முடிவு செய்யும். யாரும் தேர்ந்தெடுக்காததால் யாரும் அதைக் கேள்வி கேட்கவும் முடியாது. அவர் அங்கே நட்பு வட்டம் என்றார். நம் நாட்டில் அந்த வட்டத்தைச் சாதியும் வர்க்கமும் ஆண் என்பதும் சேர்ந்து வரைகின்றன.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியதைப் படித்திருப்பீர்கள். வாக்கில் சமத்துவம், வாழ்க்கையில் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டோடு 1950 ஜனவரி 26-க்குள் நுழையப் போகிறோம் என்று எச்சரித்தார். அரசியலில் ஒரு மனிதர் மேல் வைக்கும் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்றும் அதே பேச்சில் சொன்னார். 15 பேர் உள்ள நாடகக் குழுவுக்கும் இது அப்படியே பொருந்தும். கூத்தில் வாத்தியார் சொல்வதுதான் சட்டம். நவீன நாடகத்தில் வாத்தியார் போய் இயக்குநர் வந்தார், அவ்வளவுதான்.

நம்மைப் போன்றவர்கள் நடத்திய குழு ஒன்றைச் சொல்கிறேன். குஜராத்தில் அகமதாபாத் நகரத்தில் சாராநகர் என்று ஒரு பகுதி. அங்கே வாழும் சாரா மக்கள் 1871 குற்றப் பரம்பரைச் சட்டத்தால் முத்திரை குத்தப்பட்டவர்கள். 1952-ல் அந்த முத்திரையைச் சட்டம் எடுத்துவிட்டது. போலீஸ் எடுக்கவில்லை. 1998 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் சபர் பழங்குடியைச் சேர்ந்த புதன் சபர் போலீஸ் காவலில் இறந்தார். அந்த வழக்குக்காக நின்ற மகாசுவேதா தேவியும் கணேஷ் தேவியும் அந்த ஆண்டு சாராநகர் போனார்கள். அங்கே ஒரு சிறிய நூலகம் தொடங்கியது. அந்த நூலகத்தில் கூடிய இளைஞர்கள் புதன் சபரின் சாவை நாடகமாக்கி, 1998 ஆகஸ்ட் 31 அன்று நடித்தார்கள். அவரைப் பார்த்திராதவர்கள், வேறு மொழிக்காரர்கள். ஆனால் லாக்கப் என்றால் என்னவென்று அந்தத் தெருவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தக் குழுதான் புதன் தியேட்டர்.

மேடைக்கு முன்பே அந்தக் குழுவுக்கு ஒரு நூலகம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அங்கே படிக்க வந்த சின்னப் பிள்ளைகள் ஒத்திகையைப் பார்த்தார்கள், பிறகு நடித்தார்கள், பிறகு அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு குழு நிற்கிறது என்றால் காரணம் இந்தத் தொடர்ச்சிதான்.

மாணவர் குழுவின் பெரிய வியாதி இதுதான். மூன்று வருடத்தில் எல்லோரும் போய்விடுவோம். எங்கள் குழு அப்படித்தான் செத்தது. நாடகப் பிரதிகள் இயக்குநர் அண்ணனின் லேப்டாப்பில் இருந்தன. பணம் அவர் நண்பரின் வங்கிக் கணக்கில். இருவரும் வேலை கிடைத்துப் போனார்கள். எங்களிடம் மிஞ்சியது இரண்டு பறையும் ஒரு கிழிந்த பேனரும்.

இன்னொரு குழு டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச். 1973-ல் மாணவர்களும் இளைஞர்களும் தொடங்கியது. நெருக்கடி நிலைக்குப் பிறகு தொழிற்சங்கங்களிடம் பணம் இல்லை. பெரிய மேடை, விளக்கு, லாரி எல்லாவற்றுக்கும் யார் கொடுப்பது? அதனால் 1978-ல் செலவே இல்லாத, கால் மணி நேரம்கூட ஓடாத ஒரு வீதி நாடகம் போட்டார்கள். அதன் பெயர் மெஷின். வீதி நாடகம் கொள்கையிலிருந்து மட்டும் பிறக்கவில்லை, கணக்கு நோட்டிலிருந்தும் பிறந்தது. நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களிடம் துணியை விரித்துப் பிடித்து வசூல் செய்வது அவர்கள் வழக்கம்.

1989 ஜனவரி 1 அன்று ஜண்டாபூரில் நாடகத்தின் நடுவே அவர்களைத் தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். குழுவின் முகமாக இருந்த சஃப்தர் ஹஷ்மி மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முழுதாக நடித்தார்கள். நடித்தவர்களில் சஃப்தரின் மனைவி மாலயஸ்ரீயும் ஒருவர். அந்தத் துணிச்சலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் வேறொன்றையும் பார்க்கிறேன். முக்கியமான ஆளை இழந்த இரண்டாம் நாளில் ஒரு குழுவால் நாடகம் போட முடிந்தது. அந்த நாடகம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடு நாடாகப் பிரித்து, கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் தலைமுறைகளாக உண்டு. கூடிப் பேசுவதைக் கீழேயிருந்து வந்து நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கூட்டங்களில் எத்தனை பெண்கள் உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறீர்கள்? யார் நிற்கிறார்கள், யார் உட்காருகிறார்கள்? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் குழுவின் விதியை எழுதும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதச் சொல்வது ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம்.

முதலில் முடிவு. குழுவில் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் பொதுக்குழு. ஒருவருக்கு ஒரு ஓட்டு, நேற்றுச் சேர்ந்தவருக்கும் அதே ஒரு ஓட்டு. ஒருங்கிணைக்க ஒருவர், கணக்குக்கு ஒருவர், பிரதிகளையும் பதிவுகளையும் காக்க ஒருவர். இவர்களில் இருவராவது பெண்கள். ஒரு வருடம்தான் பொறுப்பு, அதே ஆள் அதே பொறுப்பில் மறுபடி வேண்டாம். கடைசி வருடம் படிக்கிறவருக்குப் பொறுப்பு கிடையாது. அவர் வேலை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது.

அடுத்து வேலை. பறை, கூட்டுவது, டீ, இயக்கம், எழுத்து எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சுற்றி வரட்டும். "எனக்குப் பறை வராது" என்பவருக்குக் கற்றுக்கொடுங்கள். "எனக்கு இயக்கத் தெரியாது" என்பவருக்கும் அப்படித்தான். ஒரே மாதிரி வேடம் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். நாடகத்தின் தரம் குறையாதா என்று கேட்பீர்கள். முதல் வருடம் குறையும். எங்கள் நாடகங்கள் தரமாகத்தான் இருந்தன. குழுதான் இல்லாமல் போனது.

பணம். யாருடைய சொந்தக் கணக்கிலும் இருக்கக் கூடாது. துண்டு ஏந்தி வசூலித்தால் அந்த இடத்திலேயே எண்ணி, தொகையைச் சத்தமாகச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை நோட்டை எல்லோர் முன்பும் வாசியுங்கள். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி 7 பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம். ஆனால் பதிவு செய்தால் வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். முதலில் ஒரு வருடம் நோட்டை ஒழுங்காக எழுதிப் பழகுங்கள்.

நேரம். உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒத்திகை முடிய வேண்டும். எங்கள் ஒத்திகை கடைசி டவுன் பஸ் போனபிறகுதான் சூடு பிடிக்கும். முதல் வருடம் ஒன்பது பெண்கள் இருந்தோம். மூன்றாம் வருடம் இரண்டு பேர். "பொண்ணுங்களுக்கு ஆர்வம் இல்ல" என்று பேசிக்கொண்டார்கள். ஆர்வம் இருந்தது, பஸ்தான் இல்லை. அதோடு, குழுவுக்குள் யாராவது தவறாக நடந்தால் யாரிடம் சொல்வது என்பதையும் இப்போதே எழுதுங்கள். மூன்று பேர், அதில் ஒருவர் குழுவுக்கு வெளியே உள்ள நம்பிக்கையான பெண். நடந்தபிறகு எழுத உட்கார்ந்தால், நடந்துகொண்டவரின் நண்பர்கள்தான் எழுதுவார்கள்.

கடைசியாகக் கதை. வாச்சாத்தியை நாடகமாக்க வேண்டும் என்று உங்களில் இரண்டு பேர் சொன்னீர்கள். சித்தேரி மலை அடிவாரத்து அந்த ஊர் மக்களும் மலையாளிப் பழங்குடிகள், உங்கள் சனம். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். 2011-ல் தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பது வருடம் அந்தப் பெண்கள் கோர்ட்டில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை அது. அதை எடுக்கும் உரிமை நமக்குத் தானாக வராது. முதலில் போய்க் கேளுங்கள். முதல் காட்சி அவர்களுக்கு. அவர்கள் இந்த இடம் வேண்டாம் என்றால் வேண்டாம்.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் தன்னைப் பற்றியே ஒரு கதை சொல்வார். நகரத்திலிருந்து போன அவர் குழு, நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று விவசாயிகள் முன்னால் பாடியது. விர்ஜீலியோ என்ற விவசாயி உணர்ச்சிவசப்பட்டு, உங்கள் துப்பாக்கிகளோடு எங்களுடன் வாருங்கள், பண்ணையாரை விரட்டுவோம் என்றார். இவை நாடகத் துப்பாக்கிகள், சுடாது என்றார்கள். பரவாயில்லை, எங்களிடம் இருக்கிறது, நீங்கள் மட்டும் வாருங்கள் என்றார் அவர். நாங்கள் கலைஞர்கள் என்று இழுத்தபோது அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது, சிந்த வேண்டிய ரத்தம் யாருடையதென்று. அதன்பிறகு அடுத்தவருக்கு அறிவுரை சொல்லும் நாடகத்தை விட்டுவிட்டதாகப் போவால் எழுதுகிறார்.

உங்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு, உங்கள் ஊரில்தான் நடிக்கப் போகிறீர்கள். ஆனாலும் கல்லூரி போனவர் போகாதவருக்குச் சொல்லித்தருவது என்று ஆகிவிட வேண்டாம். சாமைக் காட்டில் வேலை செய்கிற, பலாப்பழம் சுமக்கிற உங்கள் வயதுக்காரர்களும் குழுவில் இருக்கட்டும். அவர்களுக்கும் ஒரு ஓட்டு.

பறை அடித்த அந்த நண்பன் இப்போது நாமக்கல்லில் ஒரு கோழிப் பண்ணையில் மேற்பார்வையாளர். இங்கே பேச வருகிறேன் என்று போனில் சொன்னேன். அன்றைக்கு நானும் கைதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான், "அதெல்லாம் விடு. பறை யார் அடிக்கறதுன்னு முதல் நாளே சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லு. பழகட்டும்."

நோட்டு வாங்கி வந்திருக்கிறேன். 60 ரூபாய், கணக்கில் முதல் வரவாக எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடப் போவதற்கு முன் சீட்டு எழுதிவிடலாம். யாரிடம் பேனா இருக்கிறது?