கல்லூரித் துறைகள் எதற்காக?



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் லெம்பா பெர்த்தாம் தோட்ட வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எங்கே இடம் கிடைக்கும்?" என்பதுதான். "எந்தத் துறையில் இடம்? அந்தத் துறை நம் பிள்ளையை என்னவாக ஆக்கும்?" என்ற கேள்வி பின்னால்தான் வருகிறது. சில வீடுகளில் அது வருவதே இல்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

தேயிலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஒரே செடியின் கொழுந்திலிருந்து வருபவையே. பறித்தவுடன் சூடுகாட்டினால் ஒன்று. வாட்டி, உருட்டி, நிறம் மாற விட்டு உலர்த்தினால் மற்றொன்று. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நாம் சொல்வதில்லை. கல்லூரித் துறைகளும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நோக்கம் உண்டு.

இதற்கு எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டின் பழமையான ஒரு கல்லூரியைப் பார்ப்போம். கத்தோலிக்க இயேசு சபைத் துறவிகள் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி, 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம் மாறியது. நீண்ட காலம் அது ஆண்கள் கல்லூரியாகவே இருந்தது. இப்போது பெண்களும் படிக்கிறார்கள். அதன் துறைகள் மொழி, இயற்பியல் சார்ந்த அறிவியல், உயிரியல், கணினி, மேலாண்மை என்ற பெரும் பிரிவுகளில் அடங்குகின்றன.

இயற்பியல், அதாவது பௌதிகம், எதற்காக? பொருளும் ஆற்றலும் எந்த விதிப்படி இயங்குகின்றன என்று ஆராய்வதற்காக. இயந்திரத்தை வடிவமைத்து உருவாக்கக் கற்பிப்பது பொறியியலின் வேலை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் திகைத்தவர்களில் ஒருவர் அப்துல் கலாம். இராமேசுவரத்திலிருந்து வந்து தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954இல் பட்டம் பெற்ற பிறகே, தம் நாட்டம் பொறியியலில் இருப்பதை உணர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். சென்னையில் பொறியியல் படிக்கச் சுமார் 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்காள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பின்னாளில் 2002இல் அவர் இந்தியக் குடியரசுத் தலைவரானார் என்பது நாம் அறிந்ததே. ஆனால் எல்லா வீட்டிலும் அடகு வைக்க நகை இருக்குமா?

ஒரு துறையில் சேர்ந்தவன் கடைசி வரை அதற்குள்ளேயே அடைபட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதே கல்லூரியில் 1942இல் இயற்பியல் பட்டம் பெற்றவர் ஜி. என். இராமச்சந்திரன். நம் தோலையும் எலும்பையும் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் எடுத்துக்காட்டியவர் அவரே. உடலைப் பற்றிய ஒரு கேள்விக்கு இயற்பியல் படித்தவர் விடை கண்டார்.

தாவரவியலின் நோக்கம் செடிகொடிகளைக் கண்டு, வகைப்படுத்தி, காப்பது. அக்கல்லூரியில் 1967இல் கே. எம். மேத்யூ அடிகளார் தொடங்கிய ரபினாட் தாவரத் தொகுப்பில், தமிழ்நாட்டுச் செடிகள் உலர்த்திப் பாதுகாக்கப்பட்டுள்ளன. செடிகளின் நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்கு இத்துறை அந்நியமானதா?

"கெட்டிக்காரன் அறிவியல் படிப்பான், மற்றவன் கலை படிப்பான்" என்று சொல்வோர் உண்டு. அது தவறு. 1925இல் அதே சபையார் சென்னையில் நிறுவிய இலயோலா கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர் ஆர். வெங்கட்ராமன். பிறகு சட்டம் பயின்று, தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட பலரின் தொழிற்சங்கங்களில் பணியாற்றினார். 1949இல் தொழிலாளர் சட்டத்துக்கென ஓர் இதழையே தொடங்கினார். 1987 முதல் 1992 வரை இந்தியக் குடியரசுத் தலைவராகவும் இருந்தார். கூலி எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று அறிந்து பேசும் ஆற்றலைத் தருவது கலைத் துறைதான்.

இத்தனை துறைகளுக்கும் பொதுவான நோக்கம் ஒன்றும் உண்டு. தூய வளனார் கல்லூரி மாணவர்கள் எந்தத் துறையில் படித்தாலும், சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று தொண்டு செய்வதற்குத் தனித் திட்டமே இருக்கிறது. கற்றது பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பதே அதன் பொருள்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? நம் நாட்டில் 2020 முதல் நான்காம் படிவ மாணவர்கள் அறிவியல், கலை என்ற பழைய பிரிவுகளுக்குப் பதிலாகப் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே முடிவு எடுக்கும் நேரம் எஸ்.பி.எம். முடிந்த பிறகு அல்ல. மூன்றாம் படிவத்திலேயே வந்துவிடுகிறது. கூடுதல் கணிதமும் இயற்பியலும் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியல் கதவுகள் பல அடைபட்டுப் போகும்.

எனவே தாய்மார்களே, தந்தைமார்களே, பள்ளிக்குச் சென்று ஆலோசனை ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் துறை எதைக் கற்பிக்கிறது? அதில் சேர இப்போது என்னென்ன பாடங்கள் எடுக்க வேண்டும்? படித்து முடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? நாலாவது கேள்வியை வீட்டில், உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள்: "உனக்கு எதில் விருப்பம்?"

நமக்குப் படிப்பில்லையே, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். கேட்பது நம் உரிமை. விளக்கிச் சொல்வது அவர்கள் கடமை. கேட்காமல் விட்டால் இழப்பு நம் பிள்ளைக்கே.