பூட்டிய மென்பொருளுக்குப் பினாங்கு சொல்லும் பதில்



இன்று நாம் நினைவுகூரும் பெரியவர் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அச்சகம் நடத்தியவர். ஈய எழுத்துக் கோத்த காலத்தையும் பார்த்தவர், கணினி வந்த காலத்தையும் பார்த்தவர். மென்பொருளின் மூல நிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு விற்கும் நிறுவனங்களை ஏற்காதவர்கள் என்ன செய்யலாம் என்பதே எனக்குத் தந்த பொருள். அதை அச்சகத்திலிருந்தே தொடங்குவதுதான் முறை.

1990களில் தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள் விற்ற ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு குறியாக்கம் வைத்திருந்தார்கள். ஒருவருடைய எழுத்துருவில் 'க' உட்கார்ந்திருந்த எண்ணில் இன்னொருவர் 'ழ'வை வைத்திருப்பார். கோலாலம்பூரில் தட்டெழுதிய கட்டுரையைப் பினாங்கில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை வரும். அதே மென்பொருளை நாமும் காசு கொடுத்து வாங்க வேண்டும், இல்லையேல் முதல் வரியிலிருந்து மறுபடி தட்டெழுத வேண்டும். விற்றவர் தொழிலை விட்டுப் போய்விட்டால் முதல் வழியும் அடைபட்டது. எழுதியவர் நாம், விலை கொடுத்தவரும் நாம். திறக்கும் சாவி மட்டும் விற்றவர் கையில். மூல நிரல் என்றால் என்னவென்றே தெரியாத அச்சகக்காரருக்கும் பூட்டின் வலி தெரிந்தது இப்படித்தான்.

அதற்குத் தமிழர்கள் சொன்ன பதில் முணுமுணுப்போடு நிற்கவில்லை. சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் என்று கடல் தாண்டிக் கிடந்தவர்கள் பொது ஏற்பாட்டுக்காக உழைத்தார்கள். மின்னஞ்சல் விவாதங்களிலேயே 'திஸ்கி' என்ற பொதுக் குறியாக்கம் உருவானது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டிலிருந்து 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எந்தக் குறியாக்கம் சரி என்ற சண்டை ஓயவில்லை, இன்றும் ஓயவில்லை. ஆனாலும் பினாங்கில் தட்டெழுதியது இன்று யாழ்ப்பாணத்தில் அப்படியே தெரிகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டெழுத்து மென்பொருளான 'முரசு அஞ்சல்' வணிகப் பொருள். அதன் மூல நிரல் நமக்குத் திறந்து கிடைக்கவில்லை. ஆனால் அவர் பொதுத் தரத்துக்காக உழைத்தவர். அஞ்சலில் ஒருங்குறியில் எழுதியதை ஒருங்குறியை ஏற்கும் எந்த மென்பொருளிலும் திறக்கலாம். நிரலைப் பூட்டியவர் எல்லாரும் நம் எழுத்தையும் பூட்டியவர் ஆகிவிட மாட்டார். இரண்டையும் ஒரே குற்றமாகப் பேசும் கட்டற்ற மென்பொருள் அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் முதலில் கேட்பது கோப்பைத்தான். நிரலைப் பிறகு கேட்பேன்.

நிரலையும் கேட்டே ஆகவேண்டிய இடம் உண்டு. முகுந்த் தொடங்கிய 'தமிழா' குழுவின் எ-கலப்பையைப் பாருங்கள். தமிழில் தட்டெழுத எத்தனையோ பேர் கற்றுக்கொண்டது அதில்தான். அதன் முதல் பதிப்புகள் ஆஸ்திரேலியரான மார்க் டுர்டினின் 'கீமேன்' என்ற விசைப்பலகை மென்பொருளின் மீது கட்டியவை. கீமேன் அப்போது பூட்டிய மென்பொருள். நாம் இலவசமாகப் பகிர்ந்த கருவியின் அடித்தளம் இன்னொருவருடைய உரிமத்தில் இருந்தது. குழுவினர் டுர்டினை ஏசிக்கொண்டிருக்கவில்லை. மூன்றாம் பதிப்பில் கீமேனை விட்டு வெளியேறி, எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய நிரலாகத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். கதை அதோடு முடியவில்லை. 2015இல் கீமேனை எஸ்ஐஎல் என்ற மொழியியல் அமைப்பு வாங்கியது. 2017இல் அதன் மூல நிரலும் திறந்துவிடப்பட்டது. பூட்டியவரை நிரந்தரப் பகைவராக்காமல் இருந்ததும் நல்லதாயிற்று.

நம்மூரில் பலர் தந்த பதில் வேறு. கடைத்தொகுதிகளில் சில ரிங்கிட்டுக்குக் கள்ள வட்டு வாங்கினார்கள். "அந்தப் பெரிய கம்பெனிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?" என்று நியாயமும் சொன்னார்கள். உண்மைதான், ஒன்றும் குறையவில்லை. பிள்ளைகள் அந்த மென்பொருளிலேயே பழகினார்கள். அலுவலகங்கள் அதையே கேட்டன. கள்ளப்பிரதி விற்பனையாளருக்குக் கூலியில்லாத விளம்பரம். அதை எதிர்ப்பு என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

மாற்று கையில் இருந்தால்தான் விற்பவர் இறங்கி வருவார். 2003இல் தாய்லாந்து அரசு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் போட்ட மலிவுக் கணினிகளை மக்களுக்குக் கொடுக்கத் தொடங்கியதும் மைக்ரோசாஃப்ட் அங்கே விலையைக் குறைத்தது. அடுத்த ஆண்டு தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகியவற்றுக்கென்று விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் பதிப்பை அறிவித்தது. ஒரே நேரத்தில் 3 செயலிகளுக்கு மேல் திறக்க முடியாத பதிப்பு அது! தாராளம் அவ்வளவுதான். ஆனாலும் இறங்கி வந்தார்கள்.

பினாங்குக்காரர்களுக்கு விற்பவரை எதிர்கொள்ளும் கலையை வெளியூரார் கற்றுத்தர வேண்டியதில்லை. எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும்வரை வழிநடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு எதிரான உலக இயக்கத்தில் முன்நின்ற அன்வர் ஃபசால் பணியாற்றியதும் இந்த ஊரிலிருந்துதான். அந்த இயக்கம் "வாங்காதீர்கள்" என்று தாய்மார்களிடம் சொன்னதோடு நிற்கவில்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுக்கும்வரை விடவில்லை. தனி ஆள் வாங்காமல் இருப்பது அவருடைய மனச்சாட்சிக்கு நல்லது. சந்தையை மாற்றுவது விதி.

மென்பொருளிலும் அப்படியே. பெரு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவா, அரசு அலுவலகங்கள் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்த வேண்டுமென்று மசோதா கொண்டுவந்தார். 2002இல் மைக்ரோசாஃப்டின் பெரு கிளை ஆட்சேபக் கடிதம் எழுதியது. அவர் புள்ளிக்குப் புள்ளி நிதானமாகப் பதில் எழுதினார். குடிமக்களின் தகவலை எடுத்துப் படிக்கும் அரசின் உரிமை ஒரு விற்பனையாளரின் விருப்பத்தில் தொங்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் அடிநாதம். வசை ஒன்று இல்லாமலே அந்தக் கடிதம் உலகம் சுற்றியது. 2004இல் மலேசிய அரசும் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. ஆக, நாம் கேட்கப்போவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கோயில் நிர்வாகங்கள், சங்கங்கள், கூட்டுறவுகள் அதற்கு மேல். உறுப்பினர் பட்டியலுக்கோ கணக்குக்கோ அடுத்தமுறை மென்பொருள் வாங்கும்போது விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எங்கள் தகவலைப் பிற மென்பொருள்களும் படிக்கும் வடிவத்தில் முழுவதுமாக எடுத்துக்கொள்ள முடியுமா? ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் பழைய கோப்பைத் திறக்க முடியுமா? நீங்கள் கடையை மூடினால் நிரல் எங்களுக்குக் கிடைக்குமா? எங்கள் பணத்திலேயே புதிதாக எழுதித் தருவதாக இருந்தால், நிரல் எங்களுக்கு உரியதா? வாய்வார்த்தையை ஏற்காதீர்கள், கையொப்பத்தோடு வாங்குங்கள். பதில் சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதையும் அவருக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள்.