பிரசவமும் மனோவசியமும்
(வேப்பனப்பள்ளியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பிரசவம். ஆண்பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பிள்ளை வேண்டும் என்று கேட்பதில் ஆணுக்கு வேலை இருக்கிறது. பிள்ளைக்குத் தன் பெயரை முன்னெழுத்தாக வைப்பதிலும் வேலை இருக்கிறது. வலியைப் பற்றிப் பேசும்போது மட்டும் வேலை இல்லை என்றால் அது என்ன நியாயம்? ஆகவே பேசத்தான் போகிறேன். சொல்லப்போவதில் ஒரு பகுதி என் வீட்டுச் சங்கதி. என் துணைவியார் அதோ தாய்மார்கள் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதி கொடுத்த அளவுக்கே சொல்லுவேன். தப்பாகச் சொன்னால் அவர் எழுந்து திருத்துவார்.

எங்களுக்கு முதற் குழந்தை பிறந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்தப் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். வலி தாளாமல் கத்தியபோது அங்கிருந்தவர்கள் அவரைத் தொடையில் அடித்தார்களாம். கூசும்படியான வார்த்தைகளால் ஏசினார்களாம். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை கிடையாது. குழந்தை சுகமாய்ப் பிறந்தது. ஆனால் அம்மையார் மனதில் பயம் தங்கிவிட்டது. "இனி ஒரு பிள்ளை வேண்டாம்" என்றார். பெறுவதும் பெறாமலிருப்பதும் பெறுகிறவருடைய இஷ்டம் என்று மேடையில் பேசுகிறவன் நான். வீட்டில் வேறு விதமாகப் பேச முடியுமா? சரி என்றேன். ஏழு வருஷத்திற்குப் பிறகு அவரே, "இன்னொன்று வேண்டும், ஆனால் பழையபடி பயந்து சாக முடியாது" என்றார்.

அவருடைய அக்காள் நர்சு வேலை பார்ப்பவர். அவர்தான் மனோவசிய முறை என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். மனோவசியம் என்றதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நம் தோழர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "ஊரெல்லாம் வசியம், செய்வினை, மந்திரம் பொய் என்று பேசிவிட்டு, உன் வீட்டிலேயே வசியம் செய்கிறாயே, இது அடுக்குமா?" என்று. நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நான் இவ்வளவும் படிக்க நேர்ந்தது.

மெஸ்மர் என்று ஒரு வைத்தியர் வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்தார். உடம்புக்குள் ஒரு காந்த சக்தி ஓடுகிறது, அதைக் கையால் தடவித் திருப்பினால் நோய் தீரும் என்றார். கூட்டம் அலைமோதிற்று. 1784இல் பிரெஞ்சு அரசர் ஒரு கமிட்டி போட்டார். பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாசியேயும் அதில் இருந்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? காந்தம் ஏற்றியதாகப் பொய் சொல்லிச் சிலருக்குக் காட்டினார்கள். நோயாளி மயங்கி விழுந்தார். நோயாளிக்குத் தெரியாமல் காந்தம் ஏற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே காந்தமும் இல்லை, சக்தியும் இல்லை, எல்லாம் நம்புகிறவர் மனத்தின் வேலை என்று தீர்ப்புச் சொன்னார்கள். தோழர்களே! பகுத்தறிவு என்பது இதுதான். திட்டுவதல்ல, சோதித்துப் பார்ப்பது.

அந்த மனத்தின் வேலையைத் துணிந்து சொன்னவர் நம் நாட்டவரே. கோவாவில் கண்டோலிமில் 1756இல் பிறந்த ஃபாரியா என்ற பாதிரியார் பாரிசில் இருந்துகொண்டு, தூங்கவைக்கிறவரிடத்தில் எந்தச் சக்தியும் இல்லை, தூங்குகிறவருடைய மனமே அந்த நிலையை உண்டாக்கிக்கொள்ளுகிறது என்றார். அவருக்குப் பணஜியில் சிலை இருக்கிறது. பிறகு 1843இல் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்துக்கார வைத்தியர் இதற்கு ஹிப்னாடிசம் என்ற பெயரையே நிலைக்கச் செய்தார்.

இன்னொரு சங்கதி கேளுங்கள். 1845இல் வங்காளத்தில் ஹூக்ளியில் எஸ்டெய்ல் என்ற கம்பெனி வைத்தியர் இருந்தார். மயக்க மருந்து என்பதே உலகத்தில் வழக்கத்திற்கு வராத காலம் அது. ஈதர் கொடுத்து எல்லோரும் பார்க்க அறுவை செய்தது 1846 அக்டோபரில்தான். அதற்கு முன்பே எஸ்டெய்ல், கைதிகளையும் குடியானவர்களையும் இந்த வழியில் உறங்கவைத்துப் பெரிய கட்டிகளை அறுத்து எடுத்தார். மணிக்கணக்காய் உட்கார்ந்து உறங்கவைத்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்த நம் நாட்டு இளைஞர்கள். சர்க்கார் கமிட்டி வைத்துப் பார்த்துவிட்டு, 1846இல் கல்கத்தாவில் அவருக்கு ஒரு ஆஸ்பத்திரியே கொடுத்தது. ஆனால் ஈதரும் குளோரோபாரமும் வந்தபின் இந்த முறை ஒதுங்கிப்போயிற்று. ஏன்? எல்லாருக்கும் பலிக்கவில்லை, நேரமும் அதிகம். இதைவிட நல்லது வந்தால் இதை விட்டுவிட வேண்டியதுதானே! மந்திரக்காரன் இதற்குச் சம்மதிப்பானா? விஞ்ஞானத்துக்கும் மந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இனி வலியைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் நியாயத்தைப் பார்ப்போம். பெண் ஜன்மம் எடுத்தது கர்மம், வலி படவேண்டியது விதி என்பார்கள். இது நம் நாட்டுப் பைத்தியம் மட்டுமல்ல. 1847இல் எடின்பரோவில் சிம்சன் என்ற டாக்டர் பிரசவத்துக்குக் குளோரோபாரம் கொடுத்தபோது, பெண் வேதனைப்பட்டே பெறவேண்டும் என்று வேதத்தில் இருக்கிறதே என்று ஆட்சேபம் எழுந்தது. சிம்சன் அதற்குப் பதிலாக ஒரு புத்தகமே எழுதவேண்டி வந்தது. 1853இல் விக்டோரியா ராணியே தம் பிரசவத்தில் அதை முகர்ந்துகொண்டார். ராணிக்குக் கர்மம் இல்லை, கூலிக்காரிக்கு மட்டும் கர்மம் என்றால் அந்தக் கர்மம் ஆளைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது போலும்!

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மனோவசியம் என்றால் என்ன நடந்தது? ஒன்றுமில்லை. எட்டாம் மாதத்திலிருந்து தினம் கால்மணி நேரம் இடது பக்கமாகச் சாய்ந்து படுப்பது. மூச்சை மெதுவாய் இழுத்து, அதைவிட மெதுவாய் விடுவது. எண்ணிக்கொண்டே நெற்றி, தாடை, தோள், கை என்று ஒவ்வொன்றாய்த் தளரவிடுவது. மனதுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைப்பது. ஊதுவத்தி இல்லை, தாயத்து இல்லை, தட்சணையும் இல்லை. டவுனில் சிலர் இதை ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். விற்கும் ஒலிப்பதிவில் இருந்த இங்கிலீஷும் பண்டிதத் தமிழும் அம்மையாருக்கு ஒட்டவில்லை. அக்காள் நம் எல்லைப்புறத்துப் பேச்சில், தெலுங்கும் தமிழும் கலந்து, "மார்க்கண்டேய ஆத்துல தண்ணி வருது, வந்துட்டுப் போயிடுது, நீ கரையில உட்கார்ந்திரு" என்று சொன்னாராம். அது போதுமானதாயிருந்தது.

நாற்பத்தோரு வாரம் கடந்தது, வலி வரவில்லை. அதற்குமேல் தாமதித்தால் குழந்தைக்கு ஆபத்து கூடும் என்பதால் மருந்து கொடுத்து வலியைத் தொடங்கச் சொல்வது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. டாக்டரும் அதையே சொன்னார். வீட்டில் ஆரம்பித்தது பாருங்கள் கூத்து! என் தாயார் பெட்டிப் பூட்டையெல்லாம் திறந்து வைத்தார், கயிற்று முடிச்சையெல்லாம் அவிழ்த்தார். முடிச்சு அவிழ்ந்தால் பிள்ளை வருமாம். பக்கத்து வீட்டு அவ்வா, வயிற்றில் வசியம் செய்தால் பிள்ளை தூங்கிப்போகும், அதனால்தான் வரவில்லை என்றார். சோதிடர் ஒருவர் மட்டும் புத்திசாலி. "டிரிப்ஸ் ஏற்றுவதுதான் ஏற்றுகிறீர்கள், ராகுகாலம் கழித்து ஏற்றச் சொல்லுங்கள்" என்றார்.

தோழர்களே, கொஞ்சம் யோசியுங்கள். பிறந்த நேரத்தை வைத்துத்தான் ஜாதகம். ஜாதகப்படிதான் தலையெழுத்து. அந்த நேரத்தையே நாம் ஊசியால் முன்பின்னாக நகர்த்தலாம் என்றால், தலையெழுத்தை எழுதுவது பிரமனா, டிரிப்ஸ் பாட்டிலா? இந்த மருந்துக்கு ஆக்சிடோசின் என்று பெயர். மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சிறு சுரப்பியின் சாற்றுக்குக் கர்ப்பப்பையைச் சுருக்கும் குணம் உண்டு என்று 1906இல் டேல் என்பவர் கண்டார். 1953இல் தூ விக்நோ அதைப் பரிசோதனைச் சாலையிலேயே செய்து காட்டி 1955இல் நோபல் பரிசு பெற்றார். பிரமன் செய்த வேலை எதிலும் இவ்வளவு தேதி விவரம் கிடைக்காது.

பழக்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். வலியைத் தொடங்கிவைக்க அது ஒன்றும் செய்யவில்லை. அதை மருந்துதான் செய்தது. மனோவசியத்தால் வலியைத் தொடங்கவைக்க முடியுமா என்று 2014இல் காக்ரேன் என்ற ஆராய்ச்சிக் கூட்டத்தார் தேடினார்கள். கணக்கில் எடுத்துக்கொள்ளத் தக்க சோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. டிரிப்ஸில் வரும் வலி சட்டென்று ஏறும், அடுத்தடுத்து வரும். அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு பெண் கூட இருக்கலாம் என்ற ஏற்பாடு நம் ராஜ்யத்தில் 2004 முதல் இருப்பதால் அக்காள் கூட இருந்தார். நான் வெளியே பெஞ்சியில் இருந்தேன். முதல் நான்கு மணி நேரம் அம்மையார் மூச்சோடு மூச்சாக இருந்தாராம். பிறகு ஒரு கட்டத்தில் எல்லாம் கைவிட்டுப் போயிற்று. "என்னால் ஆகாது, ஊசி போடுங்கள்" என்று கத்தினார். அது என் காதிலேயே விழுந்தது. ஊசி போட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது.

அப்படியானால் மனோவசியம் தோற்றது என்று நம் தோழர் சிரித்தார். நான் அம்மையாரிடமே கேட்டேன். அவர் சொன்ன பதில்: "வலி இருந்தது, பயம் இல்லை. போன தடவை பயம்தான் என்னைக் கொன்றது."

நான் அன்று இரவு முழுவதும் அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் என் வீட்டில் நடந்தது உங்களுக்குச் சாட்சியாகாது. சாமியார் விபூதி கொடுத்தார், எனக்குச் சுகமாயிற்று என்று ஒருவன் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளுவேனா? என் கதைக்கு மட்டும் தனி நீதியா? ஆகவே கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் 680 பெண்களை வைத்துச் சோதித்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். முதுகில் மருந்து செலுத்தி வலியை மரக்கச் செய்துகொண்டவர்கள், பழகியவர்களில் நூற்றுக்கு 28, பழகாதவர்களில் 30. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் பழகியவர்களுக்குப் பின்னால் பயமும் கவலையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. டென்மார்க்கில் 1,222 பெண்களை வைத்துச் செய்த சோதனையிலும் அந்த முதுகு மருந்து குறையவில்லை. 2016இல் காக்ரேன் கூட்டத்தார் 9 சோதனைகளையும் 2,954 பெண்களையும் சேர்த்துப் பார்த்து, வலி மருந்தின் மொத்த உபயோகம் ஓரளவு குறையலாம், அதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது என்றார்கள். ஆகவே இது அற்புதமும் அல்ல, மோசடியும் அல்ல. ஒரு சிறு உதவி. சிறு உதவி என்று சொல்லுகிறவனை நம்புங்கள். வலியே இராது என்று சொல்லிப் பணம் கேட்கிறவனை நம்பாதீர்கள்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. அதற்கு வசியம் வேண்டாம். பிரசவம் முடியும்வரை ஆதரவான ஒருவர் கூடவே இருப்பது. 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்த சோதனைகளை 2017இல் தொகுத்துச் சொன்னார்கள்: கூட ஆள் இருந்தால் வலி மருந்து குறைகிறது, வயிற்றை அறுப்பதும் குறைகிறது. நம் தமிழ்நாட்டில் 2019-21 கணக்குப்படி நூற்றுக்கு 45 குழந்தைகள் வயிற்றை அறுத்து எடுக்கப்பட்டிருக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. அவசியமான அறுவை உயிரைக் காக்கும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நல்ல நேரம் பார்த்து அறுப்பதும், பயத்தால் "அறுத்துவிடுங்கள்" என்று கேட்பதும் அவசியமா?

மற்றோர் எச்சரிக்கை. மனப்பயிற்சி இருக்கிறது, ஆஸ்பத்திரி எதற்கு என்று யாராவது கிளம்பினால் அது மூடநம்பிக்கையை விடக் கொடியது. 2018இல் திருப்பூரிலும், 2023இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயும், படக்காட்சியைப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் தாய் மாண்டுபோனாள். இரத்தம் பெருகினால் மூச்சுப்பயிற்சி அதை நிறுத்தாது. பழைய மூடத்தனம் மந்திரம் ஓதிற்று. புதிய மூடத்தனம் 'இயற்கை' என்று ஓதுகிறது. இரண்டுக்கும் பலியாவது பெண்தான்.

ஆகவே தோழர்களே, நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அனுப்பும்போது, பூட்டைத் திறந்து வைப்பதற்குப் பதிலாக, கூட இருக்க ஒரு மனுஷியை அனுப்புங்கள். அனுமதி மறுத்தால் கேளுங்கள். அது தருமம் அல்ல, பாத்தியதை. அங்கே ஒருவர் கை ஓங்கினால் எழுதிக் கொடுங்கள். நான் எட்டு வருஷத்துக்கு முன் எழுதிக் கொடுக்காமல் வந்தது என் கோழைத்தனம், அதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ளுகிறேன். மூச்சுப் பழக விரும்பும் பெண்கள் பழகட்டும். ஊசி கேட்கிற பெண்கள் ஊசி போட்டுக்கொள்ளட்டும். வலியைத் தாங்கினவள் உத்தமி, ஊசி கேட்டவள் கோழை என்று தரம் பிரிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வலிக்கு மருந்து டாக்டரிடம் இருக்கிறது. பயத்துக்கு மருந்து நம்மிடம் இருக்கிறது. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருப்பது நாம்தான். என் துணைவியார் எழுந்து திருத்தவில்லையாதலால் நான் சொன்னது சரியென்றே எடுத்துக்கொள்ளுகிறேன்.