கொழுந்துக்குச் சோறு போடுவது யார்?

(நிந்தவூர் விவசாயிகளோடு நடந்த ஒன்றுகூடலில், எமது சங்கத்தைச் சேர்ந்த தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஆற்றிய உரை)



பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறக்கும் கல்லோயாவின் நீர்தான் சேனாநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, இந்த வட்டைகளுக்குப் பாய்கிறது. மலை உங்களுக்குத் தண்ணீர் தருகிறது. நீங்கள் எங்களுக்கு அரிசி தருகிறீர்கள்.

காலையில் வரம்பில் நடந்தபோது ஒரு பிள்ளை கேட்டது: “சேர், இந்த நெல்லின் எடை முழுவதும் மண்ணிலிருந்தா வருகிறது?” முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே வான் ஹெல்மொன்ட் என்ற வைத்தியர் இதைச் சோதித்துப் பார்த்தார். 200 இறாத்தல் மண்ணில் ஒரு மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 160 இறாத்தலுக்கு மேல் கூடியது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான். எல்லாம் தண்ணீர் தந்தது என்று அவர் நினைத்தார். காற்றும் தந்தது என்பது பின்னர்தான் தெரிந்தது. 1779 இல் இங்கன்ஹவுஸ் என்பவர், பச்சை இலைக்கு வெயிலும் வேண்டும் என்று காட்டினார்.

இலைதான் செடியின் குசினி. வேர் தண்ணீரை அனுப்புகிறது. இலையிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாகக் கரியமில வாயு நுழைகிறது. பத்தாயிரம் பங்கு காற்றில் அது நான்கு பங்கு அளவுதான் இருக்கிறது. பச்சையம் வெயிலைப் பிடித்து அடுப்பு மூட்டுகிறது. சமைத்து வருவது சீனி. மிஞ்சுவது நாம் மூச்சு வாங்கும் ஒட்சிசன். கதிருக்கு மேலே நிற்கும் கடைசி இலை வாடினால் நெல் பதராகும் என்பது இங்குள்ள விவசாயிகளுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தேயிலையிலும் இதே கதைதான். நாம் கிள்ளும் இரண்டு இலையும் மொட்டும் குழந்தை மாதிரி; தனக்குத் தேவையான சோற்றைத் தானே சமைக்காது. கீழே நிற்கும் முற்றிய இலைகள்தான் அதற்கு ஊட்டுகின்றன. கவ்வாத்து வெட்டிய செடிக்கு இலையே இல்லை. வேரில் சேமித்த மாச்சத்தைத் தின்றுதான் அது துளிர்க்கிறது. வறட்சியில் தண்ணீரைக் காக்க இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. காற்று நுழையாது, சமையல் நின்றுவிடும், கொழுந்து வராது.

இதை ஏன் சொல்கிறோம்? வறட்சி மாதத்தில் கூடை நிறையாவிட்டால், சில தோட்டங்களில் அரைப்பேர்தான் போடுகிறார்கள். முழுநாள் மலையில் நின்றவளுக்கு அரைநாள் சம்பளம்! செடி சமைக்காததற்குக் கொழுந்து பறிப்பவளுக்குத் தண்டனை. அவளுடைய கை சோம்பவில்லை தோழர்களே, இலைதான் பட்டினி கிடக்கிறது.

பசளையும் அப்படித்தான். அது செடியின் சோறு அல்ல. குசினியைக் கட்டும் சாமான். தழைச்சத்து இல்லாவிட்டால் பச்சையம் குறைந்து இலை மஞ்சளாகும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது வட்டையும் மலையும் ஒன்றாக வெளுத்ததை மறந்துவிட்டோமா? 2021 இல் சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் சுமார் 250 மில்லியனாக இறங்கியது. தடையைப் போட்டது நாமல்ல. ஆனால் குறைந்த கிலோ நம் கூடையில்தான் தெரிந்தது.

ஆகவே ஒரு வேலை செய்வோம். வீட்டுக்கொரு கொப்பி வைப்போம். மழை பெய்த நாள், மலைக்குக் கவ்வாத்து வெட்டிய வருடம், பசளை போட்ட திகதி, அன்றன்று நிறுத்த கிலோ, இவ்வளவையும் பிள்ளைகள் எழுதட்டும். அடுத்த முறை “கிலோ ஏன் குறைந்தது?” என்று கேட்டால், அந்தக் கொப்பியை மேசையில் வைத்துப் பேசுவோம்.