கடிகாரத்தை அல்ல, டைமரை மாற்றுவோம்
(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கார்த்திகை பிறந்தால் "ஆறு மணிக்கே இருட்டிடுதே" என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறோம். அமெரிக்கக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு தலைவலி. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பதால், இங்கே மீட்டிங் தள்ளிப்போகிறது.

போருக்காக 1942 முதல் 1945 வரை நம் நாட்டிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருந்தார்கள். இப்போது அது தேவையில்லை. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்; விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் நம் படிக்கட்டு விளக்குக்குத் தெரியவில்லை. வருடம் முழுக்க மாலை 6.30-க்கு எரிந்து, காலை 6 மணிக்கு அணைகிறது. நவம்பர் கடைசியில் சூரியன் 5.45 வாக்கிலேயே மறைகிறது. ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில்தான் உதிக்கிறது. மழைக்காலம் வேறு. டியூஷன் முடிந்து வரும் குழந்தைகளும், கோயிலுக்குப் போய்வரும் பெரியவர்களும் ஈரப் படியில் தடவித் தடவி ஏறுகிறார்கள்.

நவம்பர் 1 முதல் பிப்ரவரி 15 வரை டைமரை மாலை 5.45, காலை 6.30 என்று வைக்கலாம். பத்து வாட் எல்.இ.டி. பல்பு நாற்பது எரிந்தாலும் கூடுதலாக நாளுக்கு அரை யூனிட்தான். வாட்ச்மேன் அண்ணனைக் குறை சொல்ல வேண்டாம். நாம் சொன்னால்தானே அவர் மாற்றுவார்? யாராவது விழுந்த பிறகு பேசுவதைவிட, இன்றே தீர்மானம் போடுவோம்.