வியாழனின் நிலாக்கள்



கண்ணில் பட்டதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகிவிடுமா? வியாழன் கோளின் நிலாக்களது வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

1610 சனவரி 7ஆம் நாள் இரவு, இத்தாலியின் பாதுவா நகரில் கலிலியோ தம் தொலைநோக்கியால் வியாழனைப் பார்த்தார். அதன் அருகே மூன்று சிறு விண்மீன்கள் ஒரே கோட்டில் நின்றன. மறுநாள் அவை இடம் மாறியிருந்தன. 13ஆம் நாள் நான்காவதும் தென்பட்டது. அவற்றின் இருப்பிடத்தை அவர் இரவுதோறும் குறித்துவைத்தார். அவை விண்மீன்கள் அல்ல, வியாழனைச் சுற்றும் நிலாக்கள் என்பதை அக்குறிப்புகளே உணர்த்தின. வானிலுள்ள யாவும் புவியையே சுற்றுகின்றன என்னும் பழங்கொள்கை ஆட்டங்கண்டது.

புரவலரைப் போற்றும் மரபு கவிஞர்க்கு மட்டும் உரியதன்று. கலிலியோ அந்நான்குக்கும் மெதிச்சி குடும்பத்தின் பெயரைச் சூட்டினார். அவ்வாண்டிலேயே அக்குடும்பத்தின் அரசவையில் பதவியும் பெற்றார். ஆயினும் அப்பெயர் நிலைக்கவில்லை. கெப்ளரின் கருத்தைத் தழுவி ஜெர்மானிய வானியலார் சைமன் மாரியுஸ் 1614இல் வெளியிட்ட அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ என்னும் தொன்மப் பெயர்களே இன்று வழங்குகின்றன.

ஐந்தாம் நிலாவுக்கு உலகம் 282 ஆண்டுகள் காத்திருந்தது. 1892இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் பர்னார்டு அமால்தியாவைக் கண்டார். வியாழனின் நிலாக்களுள், தொலைநோக்கியில் கண்வைத்துப் பார்த்தே கண்டறியப்பட்டது அதுவே கடைசி. பின்னர் ஒளிப்படம் அப்பணியை ஏற்றது.

1975 செப்டம்பரில் சார்லஸ் கோவல், எலிசபெத் ரோமர் ஆகியோர் ஒரு சிறு நிலாவைக் கண்டனர். அதன் பாதையைக் கணிக்கப் போதிய பதிவுகள் கிடைக்கவில்லை, நிலா தவறிப்போயிற்று. 2000ஆம் ஆண்டில் ஸ்காட் ஷெப்பர்டு, டேவிட் ஜூவிட் குழுவினர் புதிய நிலா ஒன்றைக் கண்டனர். பாதையைக் கணித்தபோதுதான் அது அந்தப் பழைய நிலாவே எனப் புலனாயிற்று. அதன் பெயர் தெமிஸ்டோ. இருபத்தைந்து ஆண்டுகளும் அது தன் வழியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. தவறிப்போனது மனிதரின் கணக்கிலிருந்துதான்.

எனவேதான், புதிதாகக் காணப்படும் நிலாவுக்கு முதலில் தற்காலிகக் குறியீடே வழங்கப்படுகிறது. பாதை உறுதியான பின்னரே நிலையான எண் உண்டு. பெயர் அதற்கும் பின்னரே. வெளிப்புற நிலாக்களில் பெயரின் ஈற்றொலியே இயங்கும் திசையை அறிவிக்கும். ஹிமாலியா, தெமிஸ்டோ என ஆகார ஓகாரங்களில் முடிவன வியாழன் சுழலும் திசையிலேயே சுற்றுவன. பசிஃபே என ஏகாரத்தில் முடிவன எதிர்த்திசையில் சுற்றுவன. பெயரே இங்குப் பொருளையும் சுமக்கிறது.

2023இல் வியாழனின் நிலாக்களது எண்ணிக்கை 90ஐக் கடந்தது. அப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு கணத்து வியப்பும் பல இரவுகளின் உழைப்பும் உள்ளன. வியப்பு கவிஞர்க்குப் பழக்கமானது. அவ்வியப்பு மீண்டும் தேடி வருவோர்க்கும் கிட்டவேண்டுமாயின், பொறுமையுடன் எழுதிவைப்போரும் வேண்டும். பத்தாண்டுப் பணியை மலராகத் தொகுக்கும் இவ்விலக்கிய வட்டம் அதனை நன்கறியும்.