ஒரு கிழங்குக்கு ஐந்து பெயர்

சேலம், நாமக்கல் சமவெளியில் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் பயிருக்குப் பாடநூல் தரும் பெயர் மரவள்ளி. சேகோ ஆலைகளிலும் வணிகத்திலும் அது டேபியோகா. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் அதைப் பற்றி எழுதும் அறிவியலாளர்களுக்குக் கசாவா. தாவரவியல் அதற்கு இட்ட பெயர் மானிஹாட் எஸ்குலென்டா. ஐந்தும் ஒரே கிழங்குதான் என்பது காட்டில் குச்சி நடும் உழவருக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் பல்கலைக்கழக நூலகத்தின் இணைய வாயிலில் ஆய்வுக் கட்டுரை தேடும் மாணவருக்கு அதைவிட முதன்மையான செய்தி வேறில்லை, ஏனெனில் அவர் எந்தப் பெயரை இடுகிறாரோ அந்தப் பெயருக்குரிய கட்டுரைகளே பெரும்பாலும் திரையில் வந்து நிற்கும், மற்ற நான்கு பெயர்களுக்குரியவை இருந்தும் இல்லாதவை ஆகிவிடும்.

சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் கருப்பூரை அடுத்து அமைந்துள்ள பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தமிழ்நாடு அரசால் நிறுவப்பட்டு, சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கல்லூரிகளைத் தன் வரம்பில் கொண்டது. ஒரு பல்கலைக்கழகம் தனித்து நின்று உலகின் ஆய்விதழ்கள் அனைத்தையும் விலை கொடுத்து வாங்க இயலாது என்பதனால், பல நிறுவனங்கள் ஒன்றுகூடிச் சந்தா செலுத்தும் கூட்டுமுறை இந்தியாவில் படிப்படியாக வளர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் முயற்சியால் 1991-இல் தொடங்கி, இன்று குஜராத்தின் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இப்பணியின் நடுவிடம். தனித்தனியே நடந்துவந்த மூன்று கூட்டுச் சந்தாக்களை 2015-இல் இணைத்து இ-சோத்சிந்து என்ற திட்டம் அங்கே உருவானது. அதன்பின் 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் என்பது அதன் அளவு. 2025 சனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது.

இத்திட்டத்தின் முதற்கட்டம் ஒன்றிய, மாநில அரசுகளின் கீழுள்ள உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்காக வகுக்கப்பட்டது. திருச்செங்கோடு, இராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களில் சுயநிதிக் கல்லூரிகள் நெருக்கமாக உள்ளமையை எண்ணிப் பார்த்தால், ஒரே பேருந்தில் வந்து இறங்கும் இரு மாணவருள் ஒருவருக்குத் திறக்கும் கட்டுரை மற்றவருக்குத் திறக்காது என்ற நிலை இச்சமவெளியில் மற்ற இடங்களைவிடக் கூர்மையாகவே தெரியும். கல்லூரிகளுக்கென்று இன்ஃப்ளிப்நெட் நடத்தும் என்-லிஸ்ட் திட்டம் அந்த இடைவெளியைச் சற்றே நிரப்புகிறது. கல்லூரி அதில் உறுப்பினராக இருந்தால், மாணவர் நூலகர் வழியாகத் தனக்கென ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெறலாம். பல்கலைக்கழக வளாகத்தில் இத்தகைய கடவுச்சொல் கூடத் தேவைப்படுவதில்லை, ஏனெனில் வளாகத்துக் கணினிகளின் இணைய முகவரியைக் கொண்டே பதிப்பகம் அவற்றை அடையாளம் காண்கிறது. பரமத்தி வேலூரிலோ மேட்டூரிலோ வீட்டிலிருந்து படிப்பவருக்கு இன்ஃபெட் என்னும் ஏற்பாடு உண்டு. அவர் இன்ன நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று அந்நிறுவனமே பதிப்பகத்துக்கு உறுதியளிக்கும் முறை அது. இந்தக் கடவுச்சொல் உரிமை தமக்கு உண்டென்றே அறியாமல், விலை கேட்கும் பக்கத்தைக் கண்டு திரும்பிவிடும் ஆய்வாளர்கள் உள்ளனர் என்பதால், ஆய்வைத் தொடங்கும் நாளிலேயே நூலகரைக் காண்பது நலம்.

வாயில் திறந்தபின் வருவதே உண்மையான கடினம். மரவள்ளியிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசி சேலத்தின் பெயரோடு இணைந்த பொருள். 1940-களில் உலகப் போரினால் மலாயாப் பகுதியிலிருந்து வந்த சரக்கு நின்றபோது, அதற்கு மாற்றாக இங்கே கிழங்கு மாவிலிருந்து செய்யத் தொடங்கிய தொழில் அது. 1981-இல் உற்பத்தியாளர்களுக்கெனச் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. ஆனால் மாணவர் ஜவ்வரிசியைக் குறிக்கும் ‘சேகோ’ என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இட்டால், வந்து குவிபவற்றில் பெரும்பங்கு மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சதுப்பு நிலத்தில் வளரும் சேகோ பனையைப் பற்றியவையாகவே இருக்கும். சொல்லின் மூலப்பொருள் அந்தப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. சேலம் அச்சொல்லை வேறொரு செடியின் கிழங்குக்கு எடுத்துக்கொண்டது. தேடும் எந்திரத்துக்கு இந்த வரலாறு தெரியாது.

இந்த இடர்ப்பாட்டுக்கு மருந்தாக உள்ளவை 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் வகுத்த தருக்கத்திலிருந்து வந்த மூன்று இணைப்புச் சொற்கள். ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்பதை இடையில் இட்டுக் கசாவா, டேபியோகா, மானிஹாட் எஸ்குலென்டா ஆகிய மூன்றையும் தொடுத்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று உள்ள கட்டுரைகள் எல்லாம் வரும். ‘ஆண்ட்’ என்பதை இட்டுத் தமிழ்நாடு என்பதையோ கழிவுநீர் என்பதையோ சேர்த்தால், இரண்டும் உள்ளவை மட்டும் எஞ்சும். ‘நாட்’ என்பதைக் கொண்டு பனையை விலக்கலாம், ஆயினும் கிழங்கையும் பனையையும் ஒப்பிடும் நல்ல கட்டுரை ஒன்று அதனால் நழுவக்கூடும் என்பதால் இம்மூன்றாவதைக் கையாள்வதில் சிக்கனம் வேண்டும். தொடராக வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் அடைப்பதும், சொல்லின் ஈற்றில் உடுக்குறி இட்டு அதன் பல வடிவங்களையும் ஒருசேரத் தேடுவதும் பெரும்பாலான தரவுத்தளங்களில் செல்லும்.

பெயர் மாற்றம் ஆய்வை எவ்வளவு திசைதிருப்பக்கூடும் என்பதற்கு இதே கிழங்கின் பூச்சி ஒன்று சிறந்த சான்று. பெனாகாக்கஸ் மானிஹாட்டி என்னும் மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் மரவள்ளித் தோட்டங்களிலும் பரவியது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குச் சென்று அங்கே பெருஞ்சேதம் விளைவித்தபோது, அதன் இயற்கை எதிரியைத் தேடிய அறிவியலாளர்கள் 1981-இல் பராகுவேயில் பூச்சியின் பூர்விக இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து ஆப்பிரிக்க வயல்களில் விட்டனர். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் அக்குளவியின் பணி பெரும் வெற்றி பெற்றது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவி ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

இப்போது அக்குளவியின் பெயர் அனகைரஸ் லோபெசி. ஏத்தாப்பூரில் நடந்ததை ஆராயப் புகும் மாணவர் இப்பெயரைக் கொண்டு தேடினால், தாய்லாந்திலும் இந்தியாவிலும் அண்மையில் நடந்த பணிகள் கிடைக்கும். ஆனால் குளவி எத்தனை நாள் வாழும், வறண்ட காலத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கும், உள்ளூர் எறும்புகள் அதை எவ்வாறு தடுக்கும் போன்ற வினாக்களுக்கு அடிப்படையான 1980-களின் ஆப்பிரிக்க ஆய்வுகள் எபிடினோகார்சிஸ் லோபெசி என்ற பெயரிலும், அதனை அடுத்த காலத்தவை அபோஅனகைரஸ் லோபெசி என்ற பெயரிலும் உறங்குகின்றன. வகைப்பாட்டியலாளர்கள் ஓர் உயிரினத்தின் பேரினத்தை மறுபடி மறுபடி ஆராய்ந்து மாற்றும்போது, பழைய கட்டுரைகளின் தலைப்பை யாரும் திருத்தி எழுதுவதில்லை. பழைய பெயர் தெரியாத ஆய்வாளர், நாற்பதாண்டுகளுக்கு முன் விடை கண்ட வினாவைப் புதிதென்று நம்பி இரண்டு பருவங்களைச் செலவிடக்கூடும்.

இவ்விடத்தில் மேற்கோள் தடம் பற்றுதல் என்ற முறை உதவிக்கு வருகிறது. ஒரு நல்ல கட்டுரை கிடைத்ததும் அதன் இறுதியிலுள்ள நூற்பட்டியலைக் கொண்டு பின்னோக்கிச் செல்லலாம். அக்கட்டுரையைப் பிற்காலத்தில் யார் யார் எடுத்தாண்டனர் என்பதைக் காட்டும் மேற்கோள் அட்டவணையைக் கொண்டு முன்னோக்கியும் செல்லலாம். யூஜின் கார்ஃபீல்டு 1960-களில் அச்சுத் தொகுதிகளாகத் தொடங்கிய அவ்வட்டவணை முறை இன்று ஒரு சொடுக்கில் அடங்கிவிட்டது. சொல் ஏமாற்றும் இடத்தில் மேற்கோள் ஏமாற்றுவதில்லை, ஏனெனில் பெயர் மாறினாலும் எழுதியவர் தம் முன்னோரின் கட்டுரையைப் பெயர் சொல்லியே தீரவேண்டும்.

இந்திய ஆய்வேடுகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் பிறப்பித்த ஒழுங்குமுறையின்படி முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகள் சேர்க்கப்படும் சோத்கங்கா என்ற களஞ்சியம் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளைக் கொண்டுள்ளது. பெரியார் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளும் அதில் இயல் இயலாகப் பிரிக்கப்பட்டு, யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைக்கப்பட்டுள்ளன. வேளாண்மை, கால்நடை மருத்துவத் துறைகளின் ஆய்வேடுகளுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கிருஷிகோஷ் என்ற தனிக் களஞ்சியம் இருப்பதால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் முட்டைக்கோழி பற்றிச் செய்யப்பட்ட ஆய்வைச் சோத்கங்காவில் தேடிக் காணாமல், அத்தகைய ஆய்வே நடக்கவில்லை என்று எழுதிவிடுவது பெரும்பிழையாகும்.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்கு வேறொரு தடையும் உண்டு. ஒரே தலைப்பு தமிழ் எழுத்தில் ஓரிடத்திலும், ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் ஓரிடத்திலும், ஆங்கில மொழிபெயர்ப்பாக மற்றோரிடத்திலும் பதிவாகியிருக்கலாம். ஆய்வேட்டின் உட்பகுதியோ, ஒருங்குறி பரவுவதற்கு முன் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சாகியிருந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே இருக்கும். அதில் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் அகப்படாது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றபின் நிலைமை திருந்தியது எனினும், அதற்கு முந்தைய உழைப்பெல்லாம் கண்ணால் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பவருக்கே இன்றும் உரியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய அச்சு நூல்களும் படமாக எடுக்கப்பட்டவையே என்பதால், அங்கும் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் தேடக் கிடைக்கும், உள்ளிருக்கும் வரி கிடைக்காது.

வரலாற்று ஆய்வாளருக்கு இச்சமவெளி இன்னொரு புதிரும் வைத்துள்ளது. நாமக்கல் மாவட்டம் 1997-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது என்பதனால், அதற்கு முந்தைய புள்ளிவிவரங்களைச் சேலத்தின் பெயரில் தேடவேண்டும் என்பது எளிதில் தோன்றும். ஆனால் 1910-இல் நாமக்கல் வட்டம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டுச் சில காலத்துக்குப் பின்னரே சேலத்துக்குத் திரும்பியது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாமக்கல்லைச் சேலத்தில் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். லெஃபானு எழுதிய 1883-ஆம் ஆண்டின் சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் தொகுத்த 1918-ஆம் ஆண்டின் மாவட்ட விவரச்சுவடியும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் சேர்வராயன் மலையை ஷெவராய் என்றும், சங்ககிரியைச் சங்கரிதுர்க்கம் என்றும் எழுதிய காலம் அது என்பதை மறந்தால், கையில் இருக்கும் நூலும் பேசாது.

கிடைத்ததெல்லாம் கொள்ளத்தக்கதன்று என்பதைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களிலிருந்து ஆய்வாளரைக் காக்கப் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டதால், இதழின் தகுதியை எடைபோடும் பொறுப்பு நெறியாளர் மீதும் நிறுவனத்தின் மீதும் விழுந்துள்ளது.

இவற்றுக்கெல்லாம் பெரிய கருவி தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும். ஆய்வுப்பொருளின் ஊர்வழக்குப் பெயர், பாடநூல் பெயர், ஆங்கிலப் பெயர்கள், அறிவியல் பெயரும் அதன் பழைய வடிவங்களும், ஊரின் பெயரும் அதன் பழைய எழுத்துக்கூட்டலும் எனத் தேடுவதற்கு முன்பே எழுதி, எந்தத் தரவுத்தளத்தில் எந்நாளில் எச்சொற்களை இட்டு எத்தனை கட்டுரைகள் கிடைத்தன என்பதையும் குறித்துவைத்தால், மூன்றாண்டுக்குப் பின் ஆய்வேடு எழுதும்போது தேடியதையே மறுபடி தேடும் வேலை மிச்சமாகும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் தம் ஐந்து நூலகவியல் விதிகளுள் ஒன்றைப் படிப்பவரின் காலத்தைக் காப்பதற்கே ஒதுக்கினார். அவர் காலத்தில் நூலகர் செய்த அப்பணியில் பாதி இன்று தேடுபவரின் கைக்கு மாறிவிட்டது.

ஆய்வேடு முடிந்து களஞ்சியத்தில் ஏறும்போது, அதற்குரிய திறவுச்சொற்களை முன்மொழிபவர் பெரும்பாலும் அந்த ஆய்வாளரே. அங்கே கசாவா, டேபியோகா ஆகியவற்றோடு மரவள்ளி, குச்சிக்கிழங்கு என்ற இரண்டையும் தமிழ் எழுத்தில் சேர்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. இராசிபுரத்திலிருந்து அடுத்து வரும் மாணவர் தம் வீட்டில் வழங்கும் சொல்லையே இட்டுத் தேடினாலும் அப்போது அந்த ஆய்வேடு அவர்முன் வந்து நிற்கும்.